பிழையில்லாத தாள்

மேனேஜர் மேசை மணியைத் தட்டினார். ஹெட் கிளார்க் ஒரு காகிதக் கட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். சணல் கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டியிருந்தது. மேல் தாளில் மெல்லிய தூசி.

"எல்லாம் இதில் உண்டு மோளே. இந்த மூணு நாலு வருஷமா டைப்பிஸ்ட் ஜோலிக்கு வந்தவங்க அடிச்ச பரீட்சைத் தாள். இங்கே திறமை மட்டும்தான் பாக்கறது. நீயே பாத்துக்கோ" என்றார் மேனேஜர்.

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில், காயலைப் பார்த்து நிற்கும் ஒரு கம்பெனியின் மாடி அது. மிளகும் சுக்கும் ஏலமும் வாங்கிக் கப்பலேற்றுகிறவர்கள். கீழே கிடங்கு, மேலே ஆபீஸ். தரைப் பலகைகளின் இடுக்கு வழியே சுக்கின் காரம் மேலேறி வந்து மூக்கைக் கடித்தது. நான் இரண்டு முறை தும்மினேன். மேனேஜர் சிரித்துவிட்டு எனக்குச் சாயா கொண்டுவரச் சொன்னார்.

நல்ல மனிதர். இதைச் சொல்லியாக வேண்டும். சென்னையிலிருந்து வந்த ஆராய்ச்சி மாணவிக்கு, அதுவும் தலையில் முக்காடு போட்ட ஒரு பெண்ணுக்கு, அந்தக் காலத்தில் வேறு எந்தக் கம்பெனியும் காகிதக் கட்டை அவிழ்த்துக் காட்டவில்லை. "படித்தவர்களுக்கு என்ன வேலை கிடைக்கிறது" என்று கண்டறிய வந்திருக்கிறேன் என்றதும் அவர் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

கட்டைப் பிரித்தேன். வந்தவர்கள் எல்லாருக்கும் ஒரே கடிதத்தைத்தான் கொடுத்திருந்தார்கள். லண்டன் வியாபாரி ஒருவருக்கு மிளகு மூட்டைகள் அனுப்புவது பற்றிய ஆங்கிலக் கடிதம். பிழை விழுந்த இடங்களைச் சிவப்பு மையால் வட்டமிட்டிருந்தார்கள். அடியில், அடித்து முடிக்க எத்தனை நிமிடம் ஆனது என்ற குறிப்பு.

சிவப்பு வட்டங்கள் அம்மைத் தழும்பு மாதிரி தாளுக்குத் தாள் பரவிக் கிடந்தன. நடுவில் ஒரு தாள் மட்டும் சுத்தமாக இருந்தது. ஒரு வட்டம்கூட இல்லை. அடியில் எழுதியிருந்த நேரமும் மற்ற எல்லாரையும்விடக் குறைவு.

பெயரைப் பார்த்தேன். எம். பேச்சியம்மாள்.

தாளின் மேல் ஓரத்தில் பென்சிலில் மலையாளத்தில் இரண்டே வரி: "நம்ம மாடசாமியின் மகள். பெருக்குவதற்கு ஆள் வேண்டுமென்றால் சொல்லி அனுப்பலாம்."

இரண்டாவது பெஞ்சு

பேச்சியும் நானும் ஐம்பதுகளின் தொடக்கத்தில் ஒரே பள்ளிக்கூடத்தில், ஒரே வகுப்பில், ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். அந்த வகுப்பிலேயே வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான்.

நாங்கள் ராவுத்தர்கள். தாத்தா காலத்தில் கம்பத்திலிருந்து வந்து, பஜார் ரோட்டில் கயிறும் சாக்கும் விற்கிற கடை போட்டார்கள். பேச்சியின் தாத்தாவைத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கக்கூஸ் கழுவும் வேலைக்கென்றே கூட்டிவந்தார்கள். கிடங்குகளுக்குப் பின்னால், வாய்க்காலை ஒட்டி ஒரு வரிசை ஓட்டு வீடுகள். அங்கேதான் அவர்கள் குடும்பம். அவள் அப்பா மாடசாமி அந்தக் கம்பெனியின் வளாகத்தைப் பெருக்குவார், கக்கூஸ் கழுவுவார். ஆபீஸ் ஆட்கள் வந்து சேரும் முன்பே வேலையை முடித்துவிட்டுப் போய்விட வேண்டும் என்பது அவருக்கு விதித்திருந்த நிபந்தனை.

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்ததைப் பெரிய மனசு என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். எனக்கு அப்போது மலையாளம் தடுமாறும். தமிழில் பேச ஓர் ஆள் வேண்டியிருந்தது. மற்ற பிள்ளைகள் பெஞ்சின் மறுகோடிக்கு நகர்ந்தபோது எங்களுக்கு இடம் தாராளமாகக் கிடைத்தது. அவ்வளவுதான்.

பள்ளியில் தமிழ் கிடையாது. அத்தா வாங்குகிற தமிழ் வாரப் பத்திரிகையில்தான் நாங்கள் இருவரும் எழுத்துக் கூட்டிப் படித்தோம். ரயிலில் வந்து, படகில் வந்து, ஒரு நாள் தாமதமாகவே கிடைக்கும். நான் படித்துவிட்டுப் பேச்சியிடம் கொடுப்பேன். மறு வாரம் மடிப்புக் கலையாமல் திரும்பி வரும். ஆங்கிலத்தை அவள் எங்கே பிடித்தாள் என்பது யாருக்கும் தெரியாது. தேயிலைப் பெட்டியின் மேலும் சாக்கின் மேலும் அச்சடித்ததையெல்லாம் நின்று வாசிப்பாள். பள்ளி இறுதித் தேர்வில் கணக்கு ஒன்றைத் தவிர எல்லாவற்றிலும் என்னைத் தாண்டிப் போனாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பத்திரிகை வாங்க எங்கள் வீட்டுப் பின்வாசல் வரைக்கும் அவள் வருவாள். அம்மா சாயா கொடுப்பாள், பிரியமாகத்தான் கொடுப்பாள். ஆனால் அந்தக் கண்ணாடித் தம்ளர் மட்டும் வீட்டுக்குள் வராது. கிணற்றடிச் சுவரின் மேலேயே கவிழ்ந்து கிடக்கும். பள்ளிவாசலில் தோளோடு தோள் நின்று தொழுகிற குடும்பம் எங்களுடையது. அந்தத் தம்ளரைத் தினமும் பார்த்துக்கொண்டேதான் வளர்ந்தேன். அது ஏன் அங்கே இருக்கிறது என்று ஒருநாளும் கேட்கவில்லை.

நான் நம்பிய பாடம்

அத்தா பிடிவாதமாக என்னை எர்ணாகுளத்தில் கல்லூரியில் சேர்த்தார். உறவுக்காரர்கள் திட்டியதையும், தினமும் படகில் போய் வந்ததையும் இந்தத் தொடரில் முன்பே எழுதிவிட்டேன். பிறகு சென்னை. பொருளாதாரத்தில் எம்.ஏ. முடித்ததும் ஒரு பேராசிரியரிடம் ஆராய்ச்சி உதவியாளராகச் சேர்ந்தேன்.

அவருடைய கொள்கை எளிமையானது. வேலை கொடுக்கிறவன் லாபத்தைப் பார்ப்பவன். திறமையான ஆளை விட்டுவிட்டு மட்டமான ஆளை எடுத்தால் அவனுக்குத்தான் நஷ்டம். ஆகவே படிப்பு பரவப் பரவ மற்ற வித்தியாசங்கள் தாமாகவே தேய்ந்துவிடும். சுதந்திர நாட்டில் சாதியைக் கேட்பது அநாகரிகம் என்று சொல்லி, எங்கள் வினாத்தாளில் அந்த ஒரு கட்டத்தையே அவர் வைக்கவில்லை.

எனக்கு அந்தக் கொள்கை மிகவும் பிடித்திருந்தது. ஏன் பிடித்தது என்று இப்போது தெரிகிறது. நான் அடைந்ததெல்லாம் என் திறமையால் அடைந்தது என்று அது சொன்னது. யாருக்குத்தான் பிடிக்காது?

ஊர் ஊராகப் போய், பள்ளி இறுதி முடித்தவர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்டு எழுத வேண்டும். எனக்கு என் ஊரையே ஒதுக்கினார்கள். அறுபதுகளின் ஆரம்பம். மழை ஓய்ந்திருந்த ஒரு மாதம். அப்படித்தான் அந்த மாடியில், அந்தக் கட்டின் முன்னால் போய் உட்கார்ந்தேன்.

மேலே எழுதியிருக்கே

தாளை மேனேஜரிடம் நீட்டினேன். "சார், இதில் ஒரு பிழையும் இல்லையே?"

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "ஆமா. நல்லா அடிச்சிருக்கு."

"பின்னே ஏன் எடுக்கல?"

"மேலே எழுதியிருக்கே மோளே."

மறைக்க வேண்டும் என்றே அவருக்குத் தோன்றவில்லை. அந்தப் பென்சில் வரியைவிட இந்தப் பதில்தான் என்னை அதிகம் உலுக்கியது. அவரைப் பொறுத்தவரை அது ஒரு முழுமையான காரணம். வயது போதாது, படிப்பு போதாது என்பதைப் போல.

"நீங்க திறமை மட்டும்தான் பாக்கறதுன்னு சொன்னீங்க."

"அதுக்கென்ன? நான் சாதி நோக்கற ஆளில்ல. எனக்கு எல்லாரும் ஒண்ணு. ஆனா ஆபீஸில் மத்தவங்க இருக்காங்க. ஒரே பானையில் தண்ணி குடிக்கணும். ஒரே ரூமில் சோத்துப் பாத்திரம் திறக்கணும். வெளிநாட்டு வியாபாரிங்க வர்ற இடம், பாக்கவும் கொஞ்சம் வெளுப்பா இருந்தா நல்லது. இவளோட அச்சன் காலையில் கக்கூஸ் கழுவிட்டுப் போறார். பத்து மணிக்கு மகள் வந்து இங்கே நாற்காலியில்..." வாக்கியத்தை முடிக்காமல் கையை விரித்தார். "அவளுக்கே கஷ்டமா இருக்கும் மோளே."

அவளுக்கே கஷ்டம். இந்தச் சொற்களை அதற்குப் பிறகு எத்தனை தேர்வுக் குழுக்களில் கேட்டிருக்கிறேன். ஒருவரை வெளியே நிறுத்துகிறவர்கள் எல்லாரும் அவருடைய நன்மைக்காகவே நிறுத்துகிறார்கள்.

அடுத்து, எடுக்கப்பட்டவளின் தாளைக் கேட்டேன். தயக்கமில்லாமல் தேடிக் கொடுத்தார். அதில் சிவப்பு வட்டங்களை எண்ண ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிட்டேன். இரண்டு தாள்களையும் பார்த்து எழுதிக்கொள்ளலாமா என்றேன். "தாராளமா. ஒளிக்க ஒண்ணுமில்ல" என்றார்.

ஜன்னலோர மேசையில் உட்கார்ந்து, வட்டங்கள் விழுந்த இடங்கள் உட்பட அப்படியே எழுதினேன். ஹெட் கிளார்க் பின்னால் வந்து நின்றார். பென்சில் வரிக்கு நான் வந்தபோது குனிந்து, மெதுவாகச் சொன்னார்.

"குட்டி, அதை விட்டுடலாமே. அது என் கையெழுத்து."

அவர் குரலில் வெட்கம் இருந்தது. அந்த ஆபீஸில் வெட்கப்பட்டவர் அவர் ஒருவர்தான். ஆனாலும் எழுதினேன்.

சுக்குக் கிடங்கு

பேச்சியைப் பார்த்து நாலைந்து வருஷமாகியிருந்தது. சென்னை போனதும் கடிதம் எழுதுவதாகச் சொல்லிவிட்டு எழுதாமல் விட்டவள் நான்தான்.

படகு ஜெட்டிக்குப் போகும் வழியில், வேறொருவருடைய கிடங்கின் முற்றத்தில் அவளைக் கண்டுபிடித்தேன். முப்பது நாற்பது பெண்கள் வரிசையாக உட்கார்ந்து முறத்தில் சுக்கைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். சுண்ணாம்பில் புரட்டிய சுக்கு. எல்லார் முகத்திலும் வெள்ளைத் தூள். எழுந்து வந்தபோதுதான் அவளை அடையாளம் தெரிந்தது.

"மெட்ராஸ்காரி வந்தாச்சா?" என்றாள். "முகத்தைத் துடைக்கட்டுமா, இப்படியே மதியா, போதுமா?"

வாசல் படியில் உட்கார்ந்தோம். கம்பெனித் தாளைப் பற்றிச் சொன்னேன். பென்சில் வரியைச் சொல்லத் தயங்கினேன்.

"சொல்லு ஆயிஷா. எனக்குத் தெரியாததா? ஆளே நேர்ல வந்து சொன்னாரே."

"யாரு?"

"ஹெட் கிளார்க். நடுவில அப்பா கொஞ்ச நாள் முடியாமப் படுத்துட்டாரு, அப்ப வீட்டு வாசலுக்கு வந்தாரு. இடம் காலியா இருக்கு, நீ வந்து பெருக்கறியான்னு கேட்டாரு. நான் சொன்னேன், வரேன் சார், காலையில ரெண்டு கடிதாசி டைப் அடிச்சுக் குடுத்துட்டு அப்புறம் பெருக்கறேன்னு. ஒண்ணும் பேசாமப் போயிட்டாரு."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"எத்தனை கம்பெனிக்குப் போயிருக்கே?"

"எண்ணல. எல்லா எடத்திலயும் கூப்பிடுறாங்க. பரீட்சை வைக்கறாங்க. மெஷின்ல உக்காந்து அடிச்சதும் 'ஆஹா'ங்கறாங்க. பிறகு எஸ்.எஸ்.எல்.சி. புக்கைக் கேட்டு மொதப் பக்கத்தைத் திறப்பாங்க. சாதி அங்கதானே இருக்கு. அதோட சரி. தகவல் அனுப்பறோம், போயிட்டு வாங்க."

அவள் விரல்களைப் பார்த்தேன். சுண்ணாம்பும் காரமும் சேர்ந்து நுனியெல்லாம் வெடித்திருந்தன. பார்ப்பதைக் கண்டதும் முறத்தின் அடியில் ஒளித்துக்கொண்டாள்.

"சாயங்காலம் டைப் இன்ஸ்டிட்யூட்டுக்குப் போறேன். புதுசா வர்றவங்களுக்குச் சொல்லிக் குடுத்தா மாஸ்டர் எனக்கு ஒரு மணி நேரம் மெஷினைத் தருவாரு. பழக்கம் விட்டா விரல் மறந்துடும்ல."

பிறகு, ஏதோ நினைவு வந்தவள் போல, "அந்தக் கம்பெனியில எடுத்தாங்களே, அந்தப் பொண்ணு எங்கிட்ட படிச்சவதான். நல்ல பொண்ணு. என்ன, எண் வந்தா மட்டும் மெஷினைப் பாத்துப் பாத்துத்தான் அடிப்பா" என்றாள்.

நான் எழுந்து நின்றுவிட்டேன். எங்கே போவதென்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தேன். பேராசிரியரின் கொள்கைப்படி நஷ்டமடைய வேண்டிய கம்பெனி நன்றாகத்தான் நடந்துகொண்டிருந்தது. ஆசிரியை சுக்குப் பொறுக்க, மாணவி அவள் நாற்காலியில் உட்கார்ந்து பிழையோடு கடிதம் அடிக்க, மூட்டைகள் லண்டனுக்குப் போய்க்கொண்டே இருந்தன.

அத்தாவின் கடை

ஒரு வாரத்துக்குள் விஷயம் கடைக்கு வந்துவிட்டது. அந்தக் கம்பெனிக்குக் கயிறும் சாக்கும் கொடுப்பது அத்தாதான். "உங்க மகள் எங்க காகிதத்தை எழுதிக்கிட்டுப் போனதாமே" என்று ஆள் வந்து விசாரித்தார். மறுநாள் இனி சரக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

அத்தா மத்தியானம் வீட்டுக்கு வந்து, சாப்பிடாமல் என் எதிரில் உட்கார்ந்தார்.

"எழுதினதைக் கிழிச்சுப் போடுன்னு சொல்லத்தான் வந்தேன்."

நோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"அப்படி என்னதான் எழுதியிருக்கு? வாசி."

வாசித்தேன். பென்சில் வரியையும் வாசித்தேன்.

"மாடசாமி நம்ம கடை வாசலையும் பெருக்கிக் குடுத்திருக்கான். அவன் மகள் என்ன படிச்சிருக்குன்னு நான் ஒருநாளும் கேட்டதில்ல" என்றார்.

கிழிக்கச் சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு பல மாதங்கள் என்னிடம் தேவைக்கு மட்டும்தான் பேசினார். கடையில் பாதி இடம் காலியானது. என்னைத் தைரியசாலி என்று எழுதுகிற வாசகர்களுக்குச் சொல்கிறேன். அந்தத் தைரியத்துக்கான விலையை என் தகப்பனார்தான் கொடுத்தார்.

கோபத்தோடு எழுதுகிறீர்கள், வயதான காலத்தில் அமைதி வேண்டாமா என்று ஒருவர் போன வாரம் கேட்டிருந்தார். நியாயம்தான். பேச்சி மாதிரி ஒருத்தி முறத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நினைக்கும்போது எந்த அமைதியைப் பிடித்துவைத்துக்கொள்வது என்று அவரே எனக்கு எழுதலாம்.

எங்கே நிறுத்தினாங்க?

ஒரு பெண்ணின் கதையோடு போனால் பேராசிரியர் ஏற்கமாட்டார் என்று தெரியும். அதனால் இன்னும் ஆட்களைத் தேடினேன். ஒரே பள்ளி, ஒரே வருஷம், ஏறக்குறைய ஒரே மதிப்பெண், ஆனால் வேறு வேறு சாதி. இப்படி ஜோடி ஜோடியாகப் பிடித்து இருவரும் எங்கே இருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். கிடங்கு விடுமுறை நாட்களில் பேச்சியும் வந்தாள்.

முதல் நாள் நான் கேட்ட விதத்தைக் கவனித்துவிட்டு, திரும்பி வரும் வழியில் படகில் சொன்னாள்.

"இப்ப என்ன வேலை செய்யறேன்னு கேக்காத. மூட்டை தூக்கறேன்னு ஒருத்தன் எப்படிச் சொல்லுவான், அதுவும் பொம்பளைக்கிட்ட? எந்தெந்த வேலைக்குப் போனே, எந்த எடத்துல உன்னை நிறுத்தினாங்கன்னு கேளு. அதைச் சொல்லுவான்."

கேட்டேன். சொன்னார்கள். தோப்பும்படியில் ஒரு பட்டறையில் இரும்பு அடித்துக்கொண்டிருந்தவர், கையைத் துடைத்துக்கொண்டு தன் சான்றிதழைக் கொண்டுவந்து காட்டினார். வல்லார்பாடத்தில் மீன் வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒருவர், இங்கிலீஷில் பதில் சொன்னார். ஒவ்வொருவரையும் நிறுத்திய இடம் ஒன்றேதான். தேர்வு முடிந்த பிறகு, முதல் பக்கம் திறந்த பிறகு. அவர்களுடைய ஜோடிகள் வங்கியிலும் கப்பல் ஆபீஸிலும் விசிறிக்கடியில் உட்கார்ந்திருந்தார்கள்.

படித்தவர்கள் என்ன ஆனார்கள் என்பதை விட்டு, எந்தக் கதவில் யார் நிறுத்தினார்கள் என்று கேட்பது. பின்னாளில் இந்த முறைக்காக என்னைப் பல கூட்டங்களில் பாராட்டினார்கள். அது ஒரு படகுப் பயணத்தில் பேச்சி எனக்குக் கொடுத்தது.

சென்னைக்குப் போய் அத்தியாயத்தைக் கொடுத்தேன். பேராசிரியர் இரண்டு நாள் வைத்திருந்தார். பிறகு கூப்பிட்டு, மேல் மூலையிலிருந்து கீழ் மூலை வரைக்கும் ஒரு கோடு இழுத்துத் திருப்பித் தந்தார்.

"உணர்ச்சிவசப்பட்டுட்டீங்க. இது பொருளாதாரம் இல்லை, மனக்குறை. நம்ம வினாத்தாள்ல சாதிங்கற கட்டமே கிடையாது. இல்லாததைப் பத்தி எப்படி எழுதறது?"

"கட்டம் இல்லைங்கறதால சாதி இல்லாமப் போயிடுமா சார்?"

"அந்தப் பொண்ணைக் கூடவே கூட்டிக்கிட்டுப் போயிருக்கீங்க. அவங்க சாதிக்காரங்க வேற எப்படிச் சொல்லுவாங்க?"

நான் எந்தக் குடும்பத்திலிருந்து போனேன் என்று அவர் கேட்கவில்லை. மேனேஜர்களின் பேச்சை அப்படியே நம்பி எழுதியவர்களைப் பற்றியும் கேட்கவில்லை.

சில மாதம் கழித்து அவருடைய அறிக்கை வந்தது. நான் சேகரித்த விவரங்கள் அதில் இருந்தன. நிறுத்திய கதவுகள் மட்டும் இல்லை. அதற்குப் பதிலாக ஒரு வரி இருந்தது. சில பிரிவினரிடம் அலுவலகப் பணிக்கான மனப்பாங்கு இன்னும் வளரவில்லை என்று.

விரல் வெடித்த பிறகும் தினமும் ஒரு மணி நேரம் மெஷினுக்காகப் போய் நின்றவளுக்கு மனப்பாங்கு வளரவில்லை. என் கையால் எழுதிக் கொண்டுவந்த விவரத்தை வைத்தே அப்படி எழுதினார்கள். அந்த வாரமே வேலையை விட்டேன். வேறொரு ஊரில் வேறொருவரிடம் சேர்ந்து, முதலிலிருந்து தொடங்கினேன். ஆய்வை முடிக்க மேலும் சில வருஷங்கள் பிடித்தன.

பாலக்காட்டில் ஒரு மத்தியானம்

இதற்கிடையில் பேச்சி அரசாங்கத் தேர்வு எழுதினாள். விடைத்தாளில் பெயர் இல்லை, எண் மட்டும்தான். அவளுக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை. பாலக்காட்டில் ஓர் அலுவலகத்தில் டைப்பிஸ்ட் வேலை கிடைத்தது.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். அவள் மேசையைப் பழைய கோப்புகள் அடுக்கிய அறையின் வாசலில் போட்டார்கள். தண்ணீரை அவள் வீட்டிலிருந்தே கொண்டுபோனாள். வாடகைக்கு வீடு தேடித் தெருத் தெருவாக அலைந்தாள். எல்லா வீட்டுக்காரர்களும் சொந்த ஊர் எது, அப்பா என்ன வேலை என்று கேட்ட பிறகே வீடு வேறு யாருக்கோ பேசிவிட்டதை ஞாபகப்படுத்திக்கொண்டார்கள். கடைசியில் கிடைத்தது ஓர் அறை, பொதுக் கிணறு.

எனக்குப் பட்டமும் விரிவுரையாளர் வேலையும் கிடைத்ததும், பைண்டு ஆகி வந்த ஆய்வேட்டை எடுத்துக்கொண்டு அந்த அறைக்குப் போனேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். நல்ல வெயில். எனக்குக் கப்பைக்கிழங்கும் மீன் குழம்பும் வைத்துக்கொடுத்துவிட்டு, ஜன்னலருகே உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தாள். வேகமாகப் படிக்கக்கூடியவள். அன்றைக்கு மெதுவாகப் படித்தாள். நான் சாப்பிட்டு, கை கழுவி, கிணற்றடியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்தபோதும் படித்துக்கொண்டிருந்தாள்.

பாராட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். மறைப்பதற்கு என்ன இருக்கிறது?

ஒரு பக்கத்தில் விரலை வைத்தாள். "இந்த 'ப' யாரு?"

"நீதான்."

"என் பேரு பேச்சியம்மாள்னு உனக்குத் தெரியாதா?"

"உனக்குப் பின்னால ஏதும் தொந்தரவு வரக்கூடாதுன்னுதான். ஆராய்ச்சியில அப்படித்தான் செய்யறது."

"இது என்ன, 'ஒரு நறுமணப்பொருள் நிறுவனம்'?"

"கம்பெனி. பேர் போட்டா வழக்குப் போடுவாங்க."

புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். குரலை உயர்த்தவில்லை.

"என்னை விரட்டினாங்க. அவங்க பேரை மறைச்சிருக்கே. நான் ஒரு தப்பும் செய்யல. என் பேரையும் மறைச்சிருக்கே. ரெண்டு பேருக்கும் ஒரே மரியாதையா ஆயிஷா?"

பட்டம் கொடுத்த அறையில் மூன்று பேர் என்னை இரண்டு மணி நேரம் கேள்வி கேட்டார்கள். ஒருவரும் இதைக் கேட்கவில்லை.

"நான் வெக்கப்படற மாதிரி எழுதி வச்சிருக்கே. எனக்கென்ன வெக்கம்?" என்றாள். பிறகு எழுந்து அடுப்பைப் பற்றவைத்து, எனக்குச் சாயா போட்டாள்.

அதற்குப் பிறகு எத்தனையோ வகுப்புகளில், எத்தனையோ கூட்டங்களில் அவளைப் பற்றிப் பேசியிருக்கிறேன். எல்லா இடத்திலும் "ஒரு பெண்" என்றே சொன்னேன். பழக்கம்தான். கோழைத்தனம் என்றும் சொல்லலாம்.

இந்த வாரப் பகுதியை எழுதுமுன் அவளுக்குக் கடிதம் போட்டுக் கேட்டேன். பெயரைப் போடு என்றாள். போட்டிருக்கிறேன். கம்பெனியின் பெயரையும் போட்டுத்தான் அனுப்பினேன். பத்திரிகை ஆசிரியர் வக்கீலிடம் கேட்டுவிட்டு, மன்னிக்க வேண்டும் அம்மா என்று சொல்லி அதை எடுத்துவிட்டார். அவரோடு சண்டை போட்டேன். பயனில்லை. அதையும் பேச்சிக்கு எழுதினேன்.

ஓய்வு பெற்றுப் பல காலமான பிறகும் அவள் கடிதத்தை மெஷினில்தான் அடிக்கிறாள். நேற்று பதில் வந்தது. இரண்டே வரி.

"என் பேர் வந்தா மதி. அவங்க பேரை நான் இங்க வர்றவங்க கிட்ட எல்லாம் சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன்."